ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் தாம்பத்தியச் சிக்கல்: மாத்திரை கேட்கும் முன் செய்ய வேண்டியவை, வரிசையாக

எங்கள் மருந்துக் கடைக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் சில ஆண்களை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். கூட்டம் குறையும்வரை எதிர்ப்பக்க டீக்கடையில் நிற்பார்கள். கவுண்டரில் எங்கள் பெண் ஊழியர் இருந்தால் ஒரு பற்பசை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். நான் தனியாக நிற்கும்போது வந்து, "தம்பி, அந்த மாத்திரை ரெண்டு குடுங்க" என்பார்கள். எந்த மாத்திரை என்று நானும் கேட்பதில்லை.

அப்படி ஒருநாள் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், அறுபது வயதிருக்கும். "டாக்டர் சீட்டு இருக்காண்ணே?" என்றேன். இருப்பதுபோல் சட்டைப் பையைத் துழாவினார். சீட்டு வரவில்லை, ஒரு சின்ன மாத்திரை அட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கும்போது பார்த்தேன். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் ஐசோசார்பைடு. அவர் கேட்டது விறைப்புக்கான சில்டெனாஃபில். இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று சரிந்து உயிரே போகலாம். இதய டாக்டரிடம் மூன்று வருஷமாகப் போகிறார், ஆனால் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. "அவர்கிட்ட போய் எப்படித் தம்பி இதைக் கேட்கிறது?"

அன்று அவரை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். மருந்தைத் தீர்மானிப்பது டாக்டர். அவர் அறைக்குள் போகும் முன்னும் போன பின்னும் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில்: எது குறை என்று பிரித்துப் பாருங்கள்

"ஆண்மைக் குறைவு" என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடுகிறோம். அதற்குள் வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. ஆசையே எழாமல் இருப்பது ஒன்று. ஆசை இருந்தும் விறைப்பு வராதது, வந்து பாதியில் தளர்வது இன்னொன்று. விந்து முந்துவது வேறு. விறைக்கும்போது உறுப்பு ஒரு பக்கமாக வளைந்து வலிப்பது அதனினும் வேறு. அது பெய்ரோனி நோய், ஆண்குறியின் உறைக்குள் தழும்பு கட்டுவதால் வருவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி, வைத்தியமும் தனி.

ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். எது குறை, எப்போதிலிருந்து, திடீரென்றா மெல்ல மெல்லவா, காலையில் தூங்கி எழும்போது தானாக விறைப்பு இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். விடியற்காலையில் நன்றாக விறைத்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் தளர்கிறது என்றால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. பயம், மனக்கசப்பு, வேலை நெருக்கடி போன்றவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காலை விறைப்பும் மாதக்கணக்கில் காணவில்லை என்றால் உடம்பில் காரணம் தேட வேண்டும். டாக்டரிடம் வாய் வராவிட்டால் அந்தத் தாளை அப்படியே நீட்டுங்கள். அவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

வயதோடு இயல்பாக வரும் மாற்றங்களை நோய் என்று நினைத்து வருந்த வேண்டாம். இருபத்தைந்தில் நினைத்தாலே விறைத்தது, அறுபதில் தொட்டால்தான் விறைக்கும். விந்தின் அளவு குறையும். ஒருமுறை முடிந்து மறுமுறை தயாராக ஒரு நாள்கூட ஆகலாம். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயதுவரையான ஆண்களிடம் நடந்த ஆய்வில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. பாதிக்குப் பாதி. பக்கத்து வீட்டுக்காரரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது: ரத்தக் குழாயைப் பாருங்கள்

விறைப்பு என்பது ரத்த ஓட்டத்தின் வேலை. ஆசை எழுந்ததும் நரம்பு முனைகளும் குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது குழாய்களைத் தளர்த்துகிறது, ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. இந்த வாயு ரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

சுகர், பிரஷர், புகை, கெட்ட கொழுப்பு எல்லாமே அந்த உள்சுவரைத்தான் அரிக்கின்றன. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் விட்டம் மூன்று நான்கு மில்லிமீட்டர். ஆண்குறிக்குப் போவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஒரே அளவு படிவு படிந்தால் எது முதலில் அடைபடும்? சிறியதுதான். அதனால்தான் பலருக்கு விறைப்புக் குறைந்து இரண்டு முதல் ஐந்து வருஷங்களுக்குள் இதய நோய் தலைகாட்டுகிறது. மாரடைப்புக்கு முன் உடம்பு போடும் தபால் இது. பிரிக்காமல் மாத்திரையை மட்டும் வாங்கிப் போகிறார்களே என்றுதான் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

எனவே வெறும் வயிற்றுச் சுகர், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலை காட்டும் கிரியேட்டினின், பிரஷர், இசிஜி, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சுகரும் பிரஷரும் காசில்லாமல் பார்ப்பார்கள். இரண்டு மாடிப் படிக்கட்டை நெஞ்சு அழுத்தாமல், மூச்சு முட்டாமல் ஏற முடிகிறதா? முடிந்தால் தாம்பத்திய உறவின் உழைப்பை இதயம் தாங்கும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் பொதுவான அளவுகோல். முடியாதென்றால் முதலில் இதய டாக்டர், மற்றதெல்லாம் பிறகு.

சுகர் உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. முன்தோலில் வெடிப்பு, வெள்ளைப் படலம், அரிப்பு, பின்னுக்குத் தள்ள முடியாத இறுக்கம் ஆகியவை சுகரின் முதல் அறிகுறியாகவே வரலாம். களிம்பு கேட்டு வந்து, ரத்தம் பார்த்தால் சுகர் முந்நூறில் நின்ற ஆட்களைக் கண்டிருக்கிறேன். டாபாக்ளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை சிறுநீரில் வெளியேறுவதால் இந்தப் பூஞ்சைத் தொற்று கூடுதலாக வரும். கழுவி உலர்த்துவது, டாக்டரிடம் சொல்வது இரண்டும் அவசியம்.

மூன்றாவது: உங்கள் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பிரஷருக்கான அட்டனலால், தயசைடு வகை நீர் மாத்திரைகள், ஸ்பைரோனோலாக்டோன், மனச்சோர்வுக்கான பல மருந்துகள், மனநோய் மருந்துகள் சில, நீண்டநாள் சாப்பிடும் ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைகள், புராஸ்டேட்டுக்கும் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி) முடி உதிர்வுக்கும் தரும் ஃபினாஸ்டெரைடு ஆகியவை ஆசையையோ விறைப்பையோ குறைக்கலாம். மாற்று மருந்து பெரும்பாலும் உண்டு. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டனலால் வகையைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கே ஆபத்து.

நான்காவது: டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை, செய்தால் ஒழுங்காக

இதில்தான் காசு அதிகம் வீணாவதைப் பார்க்கிறேன். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து, வடை சாப்பிட்டு, லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு "ஹார்மோன் கம்மியாம்" என்று வருகிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற இந்த ஆண் ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். சாப்பிட்டாலும் இறங்கும். காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, இரவெல்லாம் தூங்காமை எல்லாமே அதைத் தற்காலிகமாகக் கீழே தள்ளும்.

சரியான முறை இதுதான். காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில், முந்தைய இரவு நன்றாகத் தூங்கியபின், உடம்பு நன்றாக இருக்கும் நாளில். குறைவாக வந்தால் வேறொரு நாள் அதே முறையில் மறுபடி. முடிக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே லேபில் சொல்லுங்கள், அது முடிவைக் குழப்பும். அமெரிக்க யூராலஜி (சிறுநீர், ஆண் உறுப்பு மருத்துவம்) சங்கம் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இரண்டு முறையும் வந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு என்கிறது. எண் மட்டும் குறைந்திருந்து ஆள் நன்றாக இருந்தால் அது நோயல்ல.

வயதானாலே ஹார்மோன் வற்றிவிடும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல் ஆண்களுக்கு ஒரு கட்டத்தில் சுரப்பு நின்றுபோவதில்லை, வருஷத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் என்று மெதுவாக இறங்குகிறது. ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயதுவரையான மூவாயிரத்துச் சொச்சம் ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியான முடிவில், குறைந்த ஹார்மோனும் மூன்று பாலியல் அறிகுறிகளும் சேர்ந்து இருந்தவர்கள் 2.1 சதவீதம்தான். வெறும் சோர்வு, உடல்வலி, மறதி ஆகியவற்றுக்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆசை குறைவது, காலை விறைப்பு நிற்பது, விறைப்புக் குறைவது மூன்றும் சேர்ந்து வந்தால்தான் இந்த ஹார்மோன்மேல் சந்தேகம் வலுக்கும்.

இரண்டு முறையும் குறைவாக இருந்தால் எல்ஹெச், புரோலாக்டின், தைராய்டு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். எல்ஹெச் என்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் உத்தரவு. உத்தரவு அதிகமாகப் போயும் ஹார்மோன் குறைவென்றால் பழுது விரையில். உத்தரவே குறைவென்றால் மேலே தேட வேண்டும். அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் ஏறி, தலைவலியும் ஓரப் பார்வை மங்கலும் இருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். இன்னும் சாதாரணமான காரணம் தொந்தி. வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. குறட்டையோடு மூச்சுத் திணறித் தூங்குபவர்களுக்கும் இது இறங்கும். எடையைக் குறைத்தால் பலருக்கு ஊசியே இல்லாமல் ஏறிவிடும்.

ஐந்தாவது: ஹார்மோன் ஊசியோ ஜெல்லோ எழுதினால்

நிரூபிக்கப்பட்ட குறைபாட்டுக்கு இது நல்ல வைத்தியம்தான். ஆசை திரும்பும், விறைப்பு ஓரளவு மேம்படும். ஆனால் தொடங்கும் முன் இரண்டு கேள்வி. இன்னும் குழந்தை வேண்டுமா? வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். பிந்தித் திருமணம் செய்தவர்கள், மறுமணம் செய்தவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டாவது, புராஸ்டேட் புற்றுநோயோ, ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயோ, சமீபத்திய மாரடைப்போ பக்கவாதமோ, சிகிச்சை பெறாத குறட்டை நோயோ இருக்கிறதா? இருந்தால் தொடங்கக் கூடாது.

இதயத்துக்கு ஆபத்தா என்ற கேள்வி வெகுநாள் இருந்தது. இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 5,200க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், ஜெல் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வெற்று ஜெல் போட்டவர்களைவிடக் கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும், சிறுநீரகப் பாதிப்பும் சற்று அதிகமாகத் தெரிந்தன. ஆக, பயந்து ஓடவும் வேண்டாம், டானிக்போல் எடுக்கவும் வேண்டாம்.

மருந்து ஓடும்போது ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹார்மோன் அளவு மூன்றையும் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறையும் பிறகு வருஷம் ஒருமுறையும் பார்க்க வேண்டும். ரத்தச் சிவப்பணு பெருகி ஹீமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள். ஜெல் பூசிய தோளோடு பேரப்பிள்ளையைத் தூக்காதீர்கள். ஒட்டிக்கொள்ளும் மருந்து சின்னக் குழந்தைகளுக்கு அகாலத்தில் பருவ மாற்றங்களைக் கொண்டுவரும். பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூடிவிட வேண்டும்.

ஆறாவது: விறைப்பு மாத்திரையைச் சாப்பிடும் முறை

சில்டெனாஃபில் பிறந்ததே நெஞ்சுவலிக்கு மருந்து தேடியபோதுதான். இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரிலிருந்த ஃபைசர் ஆய்வகத்தில் சோதித்தபோது நெஞ்சுவலிக்குப் பெரிதாகப் பயன்படவில்லை, விறைப்புக்குப் பயன்பட்டது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்து என்பதை மறக்காதீர்கள். அதே பாதையில்தான் நைட்ரேட் மருந்துகளும் வேலை செய்கின்றன. ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் எந்த உருவில் சாப்பிட்டாலும், பையில் அவசரத்துக்கு வைத்திருந்தாலும், இந்த மாத்திரை கூடவே கூடாது. இதைச் சாப்பிட்டபின் நெஞ்சு வலித்தால் 108 ஊழியரிடம் வெட்கப்படாமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், இதே வகையைச் சேர்ந்த டடாலஃபில் என்றால் 48 மணி நேரத்துக்கு நைட்ரேட் தரமாட்டார்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றல் வரலாம், டாக்டர் குறைந்த அளவில் தொடங்குவார்.

"சாப்பிட்டேன், ஒண்ணும் நடக்கலை" என்பவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் பிரியாணிக்கு மேல் போட்டிருப்பார்கள். எண்ணெயும் நெய்யும் சேர்ந்த சாப்பாடு சில்டெனாஃபிலைத் தாமதப்படுத்தும். ஒரு மணி நேரம் முன்பு, லேசான வயிற்றில் போட வேண்டும். நாலைந்து மணி நேரம் வேலை செய்யும். டடாலஃபில் 36 மணி நேரம்வரை நிற்கும், சாப்பாடு தடை இல்லை. தினமும் 5 மில்லிகிராம் எழுதினால் புராஸ்டேட் வீக்கத்தால் வரும் சிறுநீர்த் தொல்லைக்கும் சேர்த்து உதவும். எந்த மாத்திரையும் ஆசையை உண்டாக்காது. ஆசை எழுந்தால்தான் அதற்கு வேலை. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டாமல் ஆறேழு தடவை சரியாக முயன்று பாருங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டாலோ, ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போனாலோ உடனே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

லாட்ஜ் வைத்தியர்களைப் பற்றி

மாதம் இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன லாட்ஜ் அறை என்று நோட்டீஸ் போட்டு வருபவர்களைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. வாலிப வயதில் கைப்பழக்கம், அதனால் "நரம்புத் தளர்ச்சி", அதற்கு லேகியம். கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. விந்து போவதால் உடம்பு வற்றாது. அந்தக் குற்ற உணர்ச்சியை நாற்பது வருஷம் சுமந்து அறுபது வயதில் என் முன்னால் கண் கலங்கியவர் ஒருவர் உண்டு. பாலின்பத் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது. மூலிகை என்று விற்ற பல பொருள்களில் சில்டெனாஃபிலையே ரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. நைட்ரேட் சாப்பிடும் ஒருவர் அப்படி ஒன்றை "மூலிகைதானே" என்று விழுங்கினால் என்ன ஆகும்? முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்களிடம் போனாலும் மற்ற மாத்திரைகளின் பட்டியலைக் காட்டுங்கள்.

ஏழாவது: காசில்லாத வைத்தியம்

நாற்பது நிமிடம் வேர்க்க வேர்க்க நடை, வாரம் நான்கு நாள், ஆறு மாதம். விறைப்புக் குறைபாடு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2018இல் சொன்ன அளவு இது. இத்தாலியில் 110 பருமனான ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், உணவையும் உழைப்பையும் மாற்றி எடை குறைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரண்டு வருஷத்தில் மருந்தே இல்லாமல் விறைப்பு இயல்புக்கு வந்தது. சிகரெட், பீடி, குட்காவை விட்டே ஆக வேண்டும். குவார்ட்டர் ஏற்றிக்கொண்டால் தைரியம் வரும், விறைப்பு வராது.

இடுப்புத்தளப் பயிற்சியும் உண்டு. காற்று பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாய்ச் சுற்றுத் தசையை உள்ளே இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். விந்து முந்துபவர்களுக்கும் இது உதவும். அவர்களில் பலருக்கு, தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரப்படுவதுதான் மூல காரணம். விறைப்பைச் சரி செய்தால் அதுவும் அடங்கும்.

மாத்திரை ஒத்துவராவிட்டால்

யூராலஜிஸ்டிடம் அடுத்த வழிகள் இருக்கின்றன. உறிஞ்சு குழாய் வைத்து ரத்தத்தை இழுத்து, அடியில் ரப்பர் வளையம் போடும் கருவி ஒன்று. வளையத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்டுக்கொண்டு பயன்படுத்த வேண்டும். அடுத்தது உறுப்பிலேயே மெல்லிய ஊசியால் போடும் மருந்து. எதுவும் பலிக்காதவர்களுக்கு உள்ளே பொருத்தும் சாதனம், வளையும் குச்சி வகையும் நீர் நிரப்பும் வகையும் உண்டு.

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது, முக்கிப் போவது ஆகியவற்றையும் இதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். புராஸ்டேட்டுக்கு டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு சாப்பிடுபவர்களுக்கு பிஎஸ்ஏ அளவு ஆறு மாதத்தில் பாதியாகத் தெரியும். பரிசோதனைச் சீட்டைக் காட்டும்போது அந்த மாத்திரையையும் சேர்த்துக் காட்டாவிட்டால், கவனிக்க வேண்டிய எண் நல்ல எண்ணாகத் தோன்றிவிடும்.

வீட்டில் பேசுவது

கணவர் விலகிப் படுத்தால் மனைவி நினைப்பது "என்மேல் பிடிப்பு விட்டுப்போச்சு" என்றுதான். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கணவர் மனைவியிடம் சொல்லாமல் எந்த வைத்தியமும் முழுமையாகாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உள்ளே வறண்டு எரிச்சலும் வலியும் இருக்கும். கணவருக்கு மட்டும் மாத்திரை கொடுத்துச் சரி செய்தால் அந்த வலி மனைவிக்குத்தான் கூடும். நீரில் கரையும் வழவழப்பு ஜெல் கடையிலேயே கிடைக்கிறது, டாக்டர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் உண்டு. தேங்காய் எண்ணெயை ஆணுறையோடு சேர்க்கக் கூடாது, ரப்பர் கிழியும்.

கண்டக்டர் அண்ணன் இரண்டு மாதம் கழித்து வந்தார். இந்த முறை பட்டப்பகலில், மனைவியோடு. இதய டாக்டரிடம் கேட்டுவிட்டாராம். நைட்ரேட்டை நிறுத்த முடியாது, அதனால் மாத்திரை வேண்டாம் என்று யூராலஜிஸ்டிடம் அனுப்பியிருக்கிறார். அந்த உறிஞ்சு கருவிதான் எழுதியிருந்தது. நான் அதை வரவழைக்க விவரம் குறித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கவுண்டரின் மறுமுனைக்குப் போய், எங்கள் பெண் ஊழியரிடம் மெல்லிய குரலில் இரண்டு நிமிடம் பேசினார். பையில் ஒரு ஜெல் ட்யூபோடு திரும்பி வந்து, "எவ்வளவு ஆச்சு தம்பி, ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க" என்றார்.